எண்ணிக்கையில் வராத செடி

இருபத்தொரு மாதங்கள் ஆதனுக்கு வலிப்பு வரவில்லை. இருபத்திரண்டாவது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்த நிலையில் வந்தது.

நிறைமதி அன்று அக்கா வீட்டில்தான் இருந்தாள். அக்கா இசைமதி மகனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் பள்ளிப் பையை நகர்த்தினாள். நிறைமதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் குறிப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த உதவி. இரண்டு நிமிடம், பத்து நொடி.

ஆதன் கண் திறந்தான். ஒன்பது வயது. "லேட்டாயிருச்சா?" என்றான்.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லடா," என்றாள் இசைமதி. அவன் மறுபடி தூங்கிய பிறகு தங்கையிடம் திரும்பினாள். "ஒரு வேளை தப்பல. அளவு தப்பல. இது நீங்க சோதிச்சு அனுப்புற குப்பிதானடி?"

நிறைமதி குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் முத்திரை. அதன் கீழே சிறிய எழுத்தில் அவளுடைய கையெழுத்து.

"நான் சோதிச்சதுதான்," என்றாள்.

அதையே ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் மறுபடியும் சோதித்தாள். கருவியில் ஒரு சொட்டு விட்டால் அது எண்ணெயில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மலைத்தொடர் போல ஒரு கோட்டை வரையும். ஒவ்வொரு முகடும் ஒரு பொருள். உயரமான முகடு வலிப்பை அடக்குவது. பக்கத்தில் இருக்கும் குட்டி முகடு போதை தருவது; அது குட்டியாகவே இருக்க வேண்டும். ஆதனின் குப்பி வரைந்த மலைத்தொடரைப் பழைய கோப்புகளின் மேல் வைத்துப் பார்த்தாள். மயிரிழை கூட விலகவில்லை. மருந்தில் குறையே இல்லை.

கஞ்சா மருந்தாக அனுமதிக்கப்பட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாநிலம் முழுவதும் போகும் எண்ணெய் ஏழாம் ரகத்திலிருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு தாய்ச்செடி. அதிலிருந்து வெட்டிய குச்சிகள், அந்தக் குச்சிகளிலிருந்து வெட்டிய குச்சிகள். பசுமைக்குடில்களுக்குள் லட்சம் செடிகள் நின்றாலும் உண்மையில் நிற்பது ஒரே செடிதான். ஆய்வகச் சுவரில் தலைமை ஆய்வாளர் தவமணி தன் கையாலேயே பெயின்ட் அடித்து எழுதியிருந்தார்: நேற்றைய குப்பியும் இன்றைய குப்பியும் ஒன்றே.

"டோஸ ஏத்துவாங்க," என்றார் தவமணி, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு.

"ஏத்துனா நிக்குமா சார்?"

"கொஞ்ச நாள் நிக்கும்."

"அப்புறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரயில்வே லைன் ஓரமா குடி போறவன் மொத வாரம் தூங்க மாட்டான். ஒரு வருசம் கழிச்சுக் கேளு, ரயிலா, எந்த ரயிலும்பான். ஒடம்பும் அப்படித்தாம்மா. அதே சத்தம், அதே நேரம், காதுலயே விழாமப் போயிரும். மூணு பிள்ளையில ரெண்டு பிள்ளைக்கு இப்படி ஆகுது. நானும் மேல எழுதிப் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல."

பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, ஒரு கோப்பை அவள் பக்கம் தள்ளினார். "கூத்தன்பாறைக்கு நீ போயிட்டு வா. உரிமம் புதுப்பிக்கணும். இந்தத் தடவ மாதிரிய அவங்க அனுப்பக் கூடாது, நாமளே போய் எடுக்கணும்னு புது உத்தரவு."

கூத்தன்பாறை மலையில் நாற்பத்துமூன்று குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து நாட்டு ரகத்தை விதை போட்டு வளர்த்தார்கள். மலைத் தாலுகாவில் இருந்த பதினொரு குழந்தைகளுக்கு மட்டும் அந்த எண்ணெயைக் கொடுக்கச் சோதனை அனுமதி இருந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு ரகத்தின் மாதிரிகளுக்குள் வேறுபாடு பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நான்கு வருடமாகக் கூத்தன்பாறை மாதிரிகளில் வேறுபாடு மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை.

"விதையில வளர்ற செடி இவ்வளவு ஒழுங்கா இருக்குறது எனக்கே ஆச்சரியம்தான்," என்றார் தவமணி. "போய்ப் பாத்துட்டு வா."

*

கூட்டுறவின் செயலாளர் வீருசின்னம்மாள் ஜீப் நிற்பதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"வாங்க மேடம். லேபுன்னதும் நரைச்ச தலையா வரும்னு நெனச்சோம். நீங்க காலேஜுப் பிள்ள மாதிரில்ல இருக்கீங்க. சாப்பிட்டீங்களா?"

நிறைமதிக்குப் புதிய மனிதர்களிடம் முதல் வாக்கியம் வருவதற்கு எப்போதும் நேரமாகும். தலையை மட்டும் ஆட்டினாள்.

"பேச மாட்டாங்க போலருக்கு," என்று வீருசின்னம்மாள் பின்னால் நின்ற பெண்களிடம் சொன்னாள். "நல்லது. பேசாத அதிகாரிய இப்பத்தான் பாக்குறோம்."

படிப்படியாக வெட்டிய சரிவில் அறுநூறு செடிகள் நின்றன. நிறைமதி இதுவரை பார்த்தது பசுமைக்குடில்களை மட்டும்தான். அங்கே எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே மணம். இங்கே ஒன்று நெஞ்சு வரை, இன்னொன்று கூரை வரை நின்றது. வரப்பில் பத்தடி நடப்பதற்குள் மணம் மூன்று முறை மாறியது. ஒன்றில் நார்த்தை இலை. ஒன்றில் மிளகு. ஒன்றில், சந்தேகமே இல்லை, மண்ணெண்ணெய்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கணினி கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய நாற்பது எண்கள். முதல் எண் பதினேழாம் வரிசை, ஆறாவது செடி. போய் நின்று கத்தரியை எடுத்தாள்.

"அய்யய்ய, இதா?" வீருசின்னம்மாள் குறுக்கே வந்தாள். "இது நோஞ்சான் மேடம். மழைத் தண்ணி நின்னு வேரு ஊறிப்போச்சு. மேல வாங்க, மொத வரிசையில ராணி மாதிரி நிக்குது. அதுல எடுத்துக்கங்க."

"எண்ல வந்ததத்தான் எடுக்கணுங்க."

"நாலு வருசமா நாங்க மொத வரிசையிலதானே எடுத்து அனுப்புறோம்."

நிறைமதி கத்தரியைத் தாழ்த்தினாள். "ஒரே வரிசையிலயா?"

"ஒரே செடியில, மேடம். இருக்குறதுலயே எது நல்லா வந்திருக்குன்னு ஊரே கூடிப் பாத்து, அந்த ஒரு செடியில இருந்து பத்துக் கொத்து. எங்க மானம் அதுல போகுதுல்ல?" அவள் குரலில் ஒளிவு மறைவு இல்லை. பெருமைதான் இருந்தது. "சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் அனுப்புறோம். அதுல தீஞ்ச முறுக்கையா வச்சு அனுப்புவோம்?"

பத்துக் கொத்தும் ஒரே செடி. மூன்று விழுக்காடு. நிறைமதிக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

"ஏன் மேடம், தப்பா?"

"தப்புன்னு இல்ல. எல்லாச் செடியும் எப்படி இருக்குன்னு தெரியணும்ல. அதான்."

"எல்லாச் செடியும் எப்படி ஒண்ணாருக்கும்? எனக்கு மூணு பிள்ளைங்க. ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும், ஒண்ணு வாயத் தொறக்காது, ஒண்ணு பொய் மட்டும் சொல்லும்."

நாற்பது எண்களையும் முடித்தாள். முப்பத்தெட்டாவது எண் சரிவின் மூலையில், எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செடியைக் காட்டியது. ஒல்லியாக, உயரமாக, நுனியில் மஞ்சள் மணிகளோடு நின்றது. ஆண் செடி. ஆண் செடியின் மகரந்தம் பறந்தால் பெண் செடி விதை பிடித்துவிடும், எண்ணெய் குறையும். அதனால் ஆண் செடிகளை மொட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். வயலில் வேறெங்கும் ஒன்றுகூட இல்லை.

"அது மாப்பிள்ளை," என்றாள் வீருசின்னம்மாள். "அத எண்ணாதீங்க."

"பிடுங்கலயா?"

"எல்லாத்தையும் பிடுங்கிருவோம், ஒண்ணத் தவிர. எது நிக்கணும்னு வருசத்துக்கு ஒரு வீட்டுக்கு முறை. இந்த வருசம் மேட்டு வீட்டுக்காரங்க சொன்னது இது. போன வருசம் எங்க வீட்டுல, குட்டையா ஒண்ண நிப்பாட்டுனோம்." பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்ல, அவள் திரும்பி முறைத்தாள். "எங்க வீட்டுக்காரரு மாதிரியாம், கேட்டீங்களா. எல்லா மாப்பிள்ளையையும் வெரட்டிவிட்டுட்டா அடுத்த வருசம் வீடு வெளங்குமா மேடம்?"

நிறைமதி அந்த எண்ணின் மேல் கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பெண் செடியில் ஒரு கொத்து வெட்டிக்கொண்டாள்.

*

நாற்பது செடிகள் நாற்பது மலைத்தொடர்களை வரைந்தன. எதுவும் எதன் மேலும் பொருந்தவில்லை. உயர்ந்த முகடு ஒன்றில் பாதி, இன்னொன்றில் இரண்டு மடங்கு. நோஞ்சானில், ஏழாம் ரகத்தில் இல்லவே இல்லாத ஆறு சிறு முகடுகள். வேறுபாடு முந்நூற்றுப் பத்து விழுக்காடு என்று கணினி சொன்னது.

தவமணி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அறிக்கைய எழுதிரு. பதினஞ்சு நாள்ல செடியப் பிடுங்கி எரிக்கணும். விதையோட."

"அவங்க ஏமாத்தல சார். நல்லதா அனுப்பணும்னு நெனச்சிருக்காங்க."

"எனக்குத் தெரியாதா?" சுவரில் தான் எழுதிய வாக்கியத்தைப் பார்த்தார். "இந்தப் பத்து விழுக்காட்டுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, நான் வேலைக்குச் சேர்ந்த வருசம், ஒரு பிள்ளை. ஆறு வயசு. இதே மாதிரி நாட்டு எண்ணெய்தான். ஆறு குப்பி ஒழுங்கா இருந்துச்சு. ஏழாவது குப்பியில போதைப் பொருள் அஞ்சு மடங்கு. வழக்கமான அளவுதான் கொடுத்தா அவங்கம்மா. ரெண்டு நாள் கண்ணே தொறக்கல. பொழைச்சிருச்சு. ஆனா அந்தம்மா ரெண்டு நாளும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. மூணாம் நாளு பெயின்ட் டப்பா வாங்கிட்டு வந்தேன்."

நிறைமதி அறிக்கையைப் பாதி எழுதினாள். பிறகு நிறுத்திவிட்டு, மலைத் தாலுகாவின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேருந்து ஏறினாள். எண்ணெய் நின்றால் அந்தப் பதினொரு பேருக்கும் ஏழாம் ரகம் எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று பார்த்து வைப்பது அவளுடைய வேலை. அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவிலியர் ஒரு நீளமான பதிவேட்டை எடுத்துப் போட்டார். பெயர், தேதி, அளவு, வலிப்பு வந்த நாள். நிறைமதி விரலை வைத்துக் கீழே இறங்கினாள். நான்கு வருடம். பதினொரு பேர். முதல் ஆறு மாதங்களுக்குப் பிறகு வலிப்பு எழுதும் கட்டத்தில் சிறு கோடுகள் மட்டும் இருந்தன. யாருக்கும் அளவு ஏற்றப்படவில்லை.

"அளவ ஏத்தவே இல்லையா சிஸ்டர்?"

"ஏன் ஏத்தணும்? நல்லாத்தானே இருக்குதுங்க."

"மாசா மாசம் எண்ணெய் எப்படி வருது?"

"ஒரு மாசம் பச்சையா வரும், ஒரு மாசம் தேன் மாதிரி வரும். வாசமும் மாறும். பிள்ளைங்க மோந்து பாத்துப் பந்தயம் கட்டும்." செவிலியர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு ரெண்டு தடவ சில பிள்ளைங்க பகல்லயே தூங்கி வழிஞ்சிருக்கு. அத நான் தனியா எழுதி வச்சிருக்கேன். மறைக்கல."

திரும்பும் பேருந்தில் நிறைமதி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் போன் வந்தது.

"இன்னைக்கு ரெண்டு தடவ," என்றாள் இசைமதி. "ரெண்டு மடங்கு கொடுத்தும் ரெண்டு தடவ. நிறை, உன் கை வழியா எத்தனையோ குப்பி போகுதே. வேற ஏதாச்சும் ஒண்ணு..."

"தர முடியாதுக்கா. சோதிக்காம தரக் கூடாது."

"சோதிச்சதத்தான் தந்தேன், என்ன ஆச்சு?"



*

"பதினொண்ணு ஒரு எண்ணிக்கையா?" என்றார் தவமணி.

"இல்ல சார்."

"இத வச்சு எதையும் நிரூபிக்க முடியாது."

"முடியாது சார். நிரூபிக்கணும்னா மூணு வருசம் வேணும். செடி பதினஞ்சு நாள்ல போயிரும்."

பதிவேட்டிலிருந்து எழுதி வந்த குறிப்பை அவள் அவர் முன்னால் நகர்த்தினாள்.  

"நீங்க ரயில் சொன்னீங்கல்ல சார். கூத்தன்பாறையில தினமும் அதே ரயில் வரல. ஒரு நாள் கூட்ஸ், ஒரு நாள் பாசஞ்சர், நேரமும் வேற. ஒடம்பு பழகறதுக்கு இடமே கிடைக்கல. நாம குறைன்னு அளந்துக்கிட்டு இருக்கோமே, அந்த வேறுபாடு... அதுவே மருந்தா இருந்தா?"

"இருந்தா, இருந்துட்டுப் போகட்டும். ஏழாவது குப்பிய என்ன செய்வ?"

"ஒவ்வொரு குப்பியையும் சோதிப்பேன்."

"சட்டம்?"

அவள் சட்டப் புத்தகத்தை அடையாளம் வைத்த பக்கத்தில் திறந்தாள். "ரகம் என்பது ஒரே தாய்ச்செடியின் வழி வந்தவை. அப்படித்தான் போட்டிருக்கு. ஏழாம் ரகத்த மனசுல வச்சு எழுதியிருக்காங்க. அந்தக் கணக்குல கூத்தன்பாறையில இருக்கிறது ஒரு ரகம் இல்ல சார். நாப்பது செடி, நாப்பது ரகம். ஒவ்வொரு செடியையும் தனித்தனியா மூணு தடவ சோதிச்சுப் பாத்தேன். வேறுபாடு நாலு விழுக்காட்டுக்கு மேல போகல. நாப்பதும் பாஸ்."

தவமணி பேனாவைக் கீழே வைத்தார். "இது சட்டத்த ஏமாத்துற வேலை."

"எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியும் உண்மை சார்."

"அதாம்மா சொல்றேன்." புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக் கடைசி வரை படித்தார். "பதிவான ரகத்தக் குச்சி வெட்டித்தான் பெருக்கணும். விதை போடக் கூடாது. ஆண் செடி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பதிவாகாததப் பிடுங்கிரணும். அதையும் அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு."

பிறகு தன் பச்சை மைப் பேனாவை எடுத்து, அவள் எழுதி வந்திருந்த நாற்பது படிவங்களிலும் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். முடிக்க அரை மணி நேரமானது. கடைசிப் படிவத்தில் மை மங்கியது. பேனாவை உதறிவிட்டுப் போட்டார்.

*

படிவத்தில் ரகத்தின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பக் கூத்தன்பாறைப் பெண்கள் கூட்டுறவுக் கொட்டகையில் கூடினார்கள்.

"பதினேழு, ஆறு," என்று படித்தாள் நிறைமதி.

"நோஞ்சான்!" என்றார்கள் எல்லோரும்.

"ஒண்ணு, மூணு."

"சம்பந்தி."

"இருபத்திரண்டு, ஒன்பது."

"அந்த மண்ணெண்ண வாசமா? மண்ணெண்ணன்னே எழுதுங்க. இல்ல இல்ல, எங்க கொழுந்தியா பேரப் போடுங்க, அவ பக்கத்துல போனாலும் இப்படித்தான் நெஞ்ச அடைக்கும்."

சிரிப்பு அடங்கிய பிறகு மற்றதைச் சொன்னாள். நாற்பதைத் தவிர மீதி ஐந்நூற்று அறுபதும் பிடுங்கப்பட வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து விதை இல்லை, குச்சி மட்டும்.

 வீருசின்னம்மாள் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் மடித்து வைத்தாள்.

"அப்ப வருசா வருசம் இதே நாப்பதா, தங்கச்சி?"

மேடம் எப்போது தங்கச்சி ஆனது என்று நிறைமதிக்குத் தெரியவில்லை. "ஆமாக்கா. மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்திக் கொடுத்தா நாப்பது மாசம் வரும்."

"அதுக்கப்புறம்?"

"மறுபடி மொதல்லருந்து."

"ஒடம்புக்கு ஞாபகம் இருக்குமா?"

"தெரியலக்கா."

பிடுங்குவதற்கு இரண்டு நாள் ஆனது. நிறைமதி கூடவே நின்று எண்ணினாள். ஒவ்வொரு குடும்பமும் தன் வரிசையைத் தானே பிடுங்கியது. மேட்டு வீட்டுக்காரர் ஒவ்வொரு செடியையும் பிடுங்கும் முன் கசக்கி மோந்து பார்த்தார், மனப்பாடம் செய்கிறவர் போல. ஐந்நூற்று அறுபது வரை எண்ணிவிட்டு அவள் குறிப்பேட்டை மூடினாள். எல்லைக் கல்லின் பக்கம் அவள் திரும்பவில்லை. அங்கே யாரும் போகவும் இல்லை.

*

மலை எண்ணெய் மலைத் தாலுகாவில் குடியிருக்கும் குழந்தைகளுக்கு மட்டும்தான். ஆறு மாதம் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். இசைமதி தேனியில் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை வேலையை விட்டாள். சுகாதார நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் குடியேறி, கூட்டுறவில் குச்சி நடும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஆறு மாதத்தில் ஆதனுக்கு முப்பத்துநான்கு முறை வலிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் இசைமதி நேரம் பார்த்துக் குறித்து வைத்தாள்.

ஏழாவது மாதம் பன்னிரண்டாவது பெயராக அவன் பெயர் பதிவேட்டில் ஏறியது. முதல் குப்பி நார்த்தை. அடுத்தது நோஞ்சான். மூன்றாவது மாதத்திலிருந்து கட்டத்தில் சிறு கோடுகள் விழத் தொடங்கின. ஒவ்வொரு குப்பியையும் நிறைமதி சோதித்தாள். ஒவ்வொன்றின் மேலும் எத்தனை சொட்டு என்று தனித்தனியாக எழுதினாள். கொழுந்தியாவுக்கு மூன்று சொட்டு, சம்பந்திக்கு ஐந்து.

சிறு கோடுகள் எதையும் நிரூபிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஏழாம் ரகமும் இருபத்தொரு மாதம் இப்படித்தான் கோடு போட்டது.

அடுத்த ஆய்வுக்கு அவள் மலை ஏறியபோது ஆதன் ஜீப்புக்கு எதிரே ஓடி வந்தான். அவன் ஓடுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"சித்தி, இந்த மாசம் என்ன குப்பின்னு மோந்தே சொல்லிட்டேன். ஜெயிச்சுட்டேன்."

"பந்தயம் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

வயலில் வரிசைகள் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பலகை. நோஞ்சான் இப்போது அப்படியொன்றும் நோஞ்சானாக இல்லை. அறுநூறு செடிகளை எண்ணிக்கொண்டே போனவள், நடு வரிசைகளில் நான்கு இடங்களில் நின்றாள். கசக்கி மோந்தாள். ஒன்றில் பழுத்த பலா. ஒன்றில் மழை நனைத்த செங்கல். பட்டியலில் இந்த மணம் எதுவும் இல்லை.

"இது?"

"அதுவா," என்றாள் வீருசின்னம்மாள், வானத்தைப் பார்த்துக்கொண்டு. "எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல தங்கச்சி. மொளைச்சிருந்துச்சு. புதுசாக் கண்ட ரகம்னு எழுத ஒரு கட்டம் இருக்குதாமே?"

இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கட்டம்தான் இல்லை.

மூலையில், எல்லைக் கல்லுக்கு ஒன்றரை அடி உள்ளே, இந்த வருடத்து மாப்பிள்ளை நின்றது. தண்டு பாதியில் வளைந்து, மறுபடி நிமிர்ந்து, மஞ்சள் மணிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. காற்று அடிக்கும்போது அதிலிருந்து மெல்லிய புகை போல ஏதோ கிளம்பி வரிசைகளின் மேல் படிந்தது.

"இந்த வருசம் யார் வீட்டு முறை?" என்று கேட்டாள் நிறைமதி. கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகு தோன்றியது.

 இசைமதி குனிந்து ஒரு பலகையைச் சரி செய்தாள். காது சிவந்திருந்தது.

"புதுசா வந்தவங்களுக்குத்தான் முதல்லயாம்," என்றான் ஆதன். "எது நிக்கணும்னு அம்மா என்னயச் சொல்லச் சொன்னாங்க."

"ஏன்டா இத நிப்பாட்டுன?"

அவன் யோசித்தான். "இது மட்டும் வேற மாதிரி இருந்துச்சு."

ஆய்வகத்தில் உட்கார்ந்து நிறைமதி படிவத்தை நிரப்பினாள். மொத்தச் செடிகள், அறுநூறு. பதிவான ரகங்கள், நாற்பது. புதிதாகக் கண்ட ரகங்கள், நான்கு. ஒவ்வொரு ரகத்தின் எண்களையும் இரண்டு முறை சரிபார்த்து எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உரிமம் பெற்ற பரப்பில் ஆண் செடி உள்ளதா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. பேனாவை முதல் கட்டத்தின் மேல் பிடித்தாள். ஆதன் ஓடி வந்தது நினைவில் வந்தது. இரண்டாவது கட்டத்தின் மேல் பிடித்தாள். கண்ணைத் திறக்காத ஆறு வயதுக் குழந்தை நினைவில் வந்தது, அவள் ஒருநாளும் பார்த்திராத குழந்தை. எண்களில் பொய் சொல்லத் தொடங்கினால் ஏழாவது குப்பி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். பேனாவை மூடினாள். படிவத்தைப் பதிவேட்டின் நகலோடு சேர்த்துத் தவமணியின் மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கட்டங்களும் காலியாக இருக்க, வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவர் அவளைக் கூப்பிட்டார். பதிவேட்டு நகல் அவருக்கு முன்னால் விரிந்திருந்தது. பன்னிரண்டு பெயர்கள், சிறு சிறு கோடுகள்.

"நாலு ரகம் கூடியிருக்கே."

"ஆமா சார்."

"எங்கருந்து வந்துச்சாம்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாப்பது மாசம் இப்ப நாப்பத்துநாலு," என்றார் அவர், அவளிடம் சொல்வது போல இல்லாமல். பிறகு, "வர்ற வருசமும் ஒவ்வொரு குப்பியையும் சோதிப்பேல்ல?"

"ஒவ்வொண்ணையும் சார்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

தலையசைத்துப் படிவத்தை மடித்து உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார். தபாலில் சேர்க்கும் முன் நகல் எடுக்க வேண்டும். நகல் இயந்திரத்தின் அருகில் நின்று அவள் உறையைப் பிரித்தாள். கடைசிப் பக்கம் வரை போனாள்.

'இல்லை' என்ற இரண்டாவது கட்டத்துக்குள், பச்சை மையில், சின்னதாக ஒரு டிக் இருந்தது.